யானை போன செய்தி

நள்ளிரவு ஒன்று நாற்பது.
ஊட்டி ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே
புல்லைக் கருக்கும் பனி.
உள்ளே யோகமலருக்கு நூற்று மூன்று டிகிரி.
சிறுநீர்ப் பையில் ஒரு மணி நேரத்துக்குப்
பதினொரு மில்லி. கொதித்துக் கறுத்த சாயத்தண்ணி நிறம்.
எழுதிக்கொண்டேன்.

சேரம்பாடியிலிருந்து நடுவட்டம் வளைவுகள் முழுக்க
ஆம்புலன்ஸ் தரையில் உட்கார்ந்து வந்த மருதவீரன்
கதவோரம் நிற்கிறார்.
காக்கிச் சட்டை, கழுத்தில் டார்ச்.
யானை விரட்டும் குழுவில் பதினாறு வருஷம்.

"மருந்து ஏத்தி ஆறு மணி நேரமாச்சே சிஸ்டர்,
கிருமி சாகலையா?"

செத்துக்கொண்டுதான் இருக்கிறது.
சாகும்போதும் சும்மா சாவதில்லை.
அதன் மேலங்கியிலிருந்து உரிந்த கொழுப்புத் துணுக்கு ஒன்று போதும்,
வெள்ளணுவின் தோலில் காத்திருக்கும் ஏற்பி
மோந்து பிடித்துவிடும்.
அந்த அணு கூவும்.
கூவலைக் கேட்ட அணு, யார் சொன்னது என்று கேட்காமல் கூவும்.
இரத்தக் குழாய்கள் கதவைத் திறந்துபோட்டுவிடும்,
நீர் கசிந்து தசைக்குள் போகும்,
அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் வறளும்.
கேஸ் ஷீட்டில் இதற்கு அழற்சி என்று பெயர்.
அழலை வயிற்றில் வைத்திருக்கும் சொல்.

இதில் பாதியை அவரிடம் சொன்னேன்.
மீதியை அவர் சொன்னார்:

"எங்க குரூப் மாதிரிதான்.
ஒருத்தன் கொம்பன் வந்திருக்குன்னு போடுவான்.
நூறு பேர் ஃபார்வர்ட் பண்ணுவான்.
அது நாடுகாணி தாண்டிப் போயிருக்கும்,
இங்க வெடி நிக்காது.
போன வருஷம் ஒரு லயமே எரிஞ்சிருச்சு.
யானை ஒரு ஓட்டக்கூடத் தொடல."

அப்புறம் எப்படி அடங்கும்?

"போயிருச்சுன்னு ஒரு செய்தி வரணும்.
வந்தா பத்தாது.
அதைக் கேக்க யாருக்காச்சும் காது இருக்கணும்."

இருக்கிறது.
அடங்கு என்ற செய்திக்கென்றே தனிக் காது ஒன்று
அதே அணுவின் தோலில்.
இன்னும் விசித்திரம்,
கூச்சல் தாங்காத அணுக்கள்
தம் காதைத் தாமே அறுத்து இரத்தத்தில் விடும்.
அறுந்த காதுகள் மிதந்து போய்
அடுத்த அணுவை எட்டுமுன்
கூவலை வழியிலேயே வாங்கி விழுங்கும்.
இன்றிரவு அவை போதவில்லை.
நார்அட்ரினலினை ஒரு புள்ளி ஏற்றினேன்.

காட்டுவதற்காக அவர் போனைத் திறந்தார்.
மேலே தள்ளிக்கொண்டே போன விரல்
செவ்வாய்க்கிழமையில் நின்றது.
'நாலாம் நம்பர் காட்டில் ஒற்றைக் கொம்பன்.
பெண்கள் யாரும் புதர்ப்பக்கம் ஒதுங்க வேண்டாம்.'
அனுப்பியவர் பெயர் அவருடையது.

நாற்பது ஏக்கரில் ஒரு கழிப்பறை கிடையாது.
காலை ஏழு மணிக்கு மலையேறினால்
கொழுந்து நிறுத்து முடிய நாலு.
"மூணு நாளா அடக்கிக்கிட்டேன், தண்ணியே குடிக்கல"
என்று நேற்றுப் பிதற்றலுக்கு நடுவே
அவள் தெளிவாகச் சொன்னதை
நான் அவரிடம் சொல்லவில்லை.
விரல் அங்கிருந்து நகரவும் இல்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது.
பம்ப்பை நிறுத்தினோம்.
டாக்டர் சிரித்துவிட்டுப் போனார்.
எனக்கு இனிமேல்தான் பயம்.
கூவிக் களைத்த அணுக்கள் மேல்
இப்போது கடிவாள ஏற்பிகள் முளைத்திருக்கும்.
நிஜமாகவே ஒரு கொம்பன் வாசலில் நின்றாலும்
எழுந்து விளக்குப் போட ஆளில்லாத ஊர்.
அவள் கழுத்து ஊசியைத் தொடுமுன்
கையை இரண்டு தடவை கழுவுகிறேன்.

வெளியே வராந்தாவில்
மருதவீரன் நிதானமாகத் தட்டுகிறார்:
'போயிருச்சு. ஆனாலும் லைட்டை அணைக்காதீங்க.'

விடிகாலையில் அவள் கண் திறந்தாள்.
குழாய் பொருத்தியிருப்பது தெரியாது.
பையில் நாற்பத்தைந்து மில்லி, நிறம் வெளுத்து.
கூச்சத்தோடு என் கையை இழுத்து
ரகசியம்போலக் கேட்டாள்:

"இங்க பக்கத்துல பாத்ரூம் இருக்கா சிஸ்டர்?"

இருக்கு என்றேன்.