மேல்மாடிக்குக் கேட்கவில்லை

ஆம்ப்ளிஃபயரில் மூன்று குமிழ்.
ஒன்று கீழ்த்தளம், ஒன்று மினாரா,
மூன்றாவது மேல்மாடி, பெண்கள் தொழும் இடம்.
பரங்கிப்பேட்டையில் எனக்கிருந்த அதிகாரம் அவ்வளவுதான்.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.
கொடுக்கிறவர் காசிம் கனி மரைக்காயர்
முதல் ஸஃப்பில், தூணோரம் உட்கார்ந்திருப்பார்.

பதினோரு வருஷமாய் தமீமுல்லாஹ் ஆலிம்
பொறுமையைத்தான் பேசினார்.
மாலுமி மோசமென்றாலும் நடுக்கடலில்
சுக்கானுக்குச் சண்டை போடாதே,
ஒருவன் குற்றத்துக்கு எல்லாரும் மூழ்குவீர்கள் என்பார்.
அவர் கோழையில்லை. பழைய கிதாபுகளில்
ரத்தம் எத்தனை பக்கம் ஓடியதென்று படித்தவர்.
புயல் பார்த்த ஊர் நாங்கள்,
தலையாட்டினோம்.

பிறகு வெள்ளாற்றங்கரை வக்ஃபுத் தோப்பு
ஒரு கையெழுத்தில் இறால் பண்ணையானது.
அடுத்த கோடையில்
விதவைகள் ஆறு பேர் புழங்கும் கிணறு கரித்தது.
ஜெய்னம்பு ஒரு சோடா பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து
ஓதித் தாங்க ஆலிம்சா என்றாள்.
ஓதினார். ஊதினார்.
என்ன தோன்றியதோ, ஒரு மிடறு குடித்தார்.
முகம் மாறியதை நான் பார்த்தேன்,
மைக் வயரைச் சுற்றிக்கொண்டே.

அந்த வெள்ளிக்கிழமை பாட்டிலோடுதான் எழுந்து நின்றார்.
தொண்டை கட்டும்போதெல்லாம் அதிலிருந்தே குடித்தார்.
"ஃபிர்அவ்ன் என்றால் கிரீடம் தேடாதீர்கள்,
பேனா பிடித்த கையையும் பாருங்கள்.
மூஸா நபியை அவனிடம் அனுப்பிய அல்லாஹ்
மென்மையாகப் பேசச் சொன்னான்.
பேசாமல் இரு என்று சொல்லவில்லை.
நானும் மென்மையாகவே கேட்கிறேன்.
அந்தத் தோப்பு யாருடையது?"

பயான் நடக்கையில் பேசுவது அதபு இல்லை.
மரைக்காயர் அதபு தெரிந்தவர்.
திரும்பி என்னைப் பார்த்தார்.
தூங்கும் பிள்ளையைத் தட்டுவதுபோல
இரண்டு விரலைக் காற்றில் தாழ்த்தினார்.

தாழ்த்தினேன்.
மூன்றையும்.

ஆலிமின் குரல் அவர் நெஞ்சளவுக்குச் சுருங்கியது.
நிறுத்தவில்லை அவர். மைக்கை மட்டும்
மெல்லத் தள்ளி வைத்தார்.
பின்வரிசை ஆட்கள் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து
முன்னால் வந்தார்கள். மரைக்காயரின் முதுகில்
யாரோ ஒருவரின் மூச்சு பட்டிருக்கும்.
மேலே மட்டும் எதுவும் இல்லை.
கொஞ்ச நேரத்தில் கம்பிக் கிராதியில்
சாவிக்கொத்தால் தட்டும் சத்தம்.
டக். டக்.
எனக்கென்று தட்டியது.

மதரஸாவில் ஏழு வயதில் ஒப்பித்த பாடம்:
தீமையைக் கண்டால் கையால் தடு,
முடியாதா, நாவால்,
அதுவும் முடியாதா, மனசால் வெறு,
ஈமானின் கடைசிப் படி அது.
எனக்குக் கை இருந்தது.
அதை வைத்து
ஒரு நாவை அடைத்தேன்.
மனசு வெறுத்தது, ஆமாம்.
யாரை என்று கேட்காதீர்கள்.

வீட்டில் ஹபீபுன்னிசா சோறு வைத்தாள்.
"மேல ஒண்ணும் கேக்கலை."
"கரண்ட் போச்சு" என்றேன்.
"ஃபேன் ஓடிச்சே" என்றாள்.
மீன் குழம்பை ஊற்றினாள்.
அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சாப்பிடவில்லை.

லால்பேட்டையிலிருந்து புது ஆலிம் ஒருவரை
அழைத்திருப்பதாகப் பேச்சு.
தமீமுல்லாஹ் ஆலிம் பெட்டி கட்டிவிட்டார் என்கிறார்கள்,
இல்லை, நாளைக்கு வருவார் என்றும் சொல்கிறார்கள்.
ஜமாஅத் கூடிப் பேசியதில்
நாற்காலி ஒன்று உடைந்ததுதான் மிச்சம்.
சுக்கான், சண்டை. அவர் பயந்ததும் பொய்யில்லை.

வியாழன், இஷாவுக்குப் பிறகு
ஸ்க்ரூட்ரைவரோடு பள்ளிக்குப் போனேன்.
மூன்றாவது குமிழைக் கடைசிவரை திருப்பி,
கழற்றி, உள்ளிருந்த தண்டையும்
குறட்டால் ஒடித்தேன்.
இனி அதைக் குறைக்க வழியில்லை.
வேலை போகும். போகட்டும் என்று சொல்ல
இன்னும் வாய் வரவில்லை.

குமிழ் சட்டைப்பையில் கிடக்கிறது,
பேரீச்சங்கொட்டை அளவு.
நடக்கும்போது இடிக்கிறது.