சாணும் முழமும்

கேள்வித்தாளோடு வந்தவள் பெயர் லூலு.
நகரத்துப் பெண். செருப்பைக் கழற்றாமல்
ஈர மணலில் தடுமாறி நின்றாள்.
பதினேழாவது கேள்வி:
பெண்கள் முன்னேற மிகச் சிறந்த வழி எது?
ஒன்றை மட்டும் குறிக்கவும்.
கல்வி. கடன். சட்டம். விழிப்புணர்வு.

எழுதிக்கொள், லூலு.
இந்தச் சான்சிபார்க் கரையில்
இருபது வருடம் இடுப்பளவுத் தண்ணீரில்
பாசி வளர்த்தோம்.
முளையடித்து, கயிறு கட்டி,
கொத்துக் கொத்தாய் முடிந்து, உலர்த்தி
மூட்டையாய் எடைக்குப் போட்டோம்.
எங்கோ யாரோ அதில் பல் துலக்குகிறார்களாம்.

பிறகு கடல் சுட்டது,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றி போல.
பாசியின் நுனிகள் வெளுத்தன.
தொட்டால் கையோடு வந்தன.

ஆழத்தில் குளிர்ச்சி இருக்கிறது என்றார்கள்.
ஆழம் என்றால் அதிகமில்லை,
தலைக்கு மேலே கொஞ்சம்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால்
சாண் என்ன, முழம் என்ன?
நீந்தத் தெரிந்த யாரோ சொல்லி வைத்தது.
சாண் என்றால் எம்பி மூச்சுப் பிடிக்கலாம்.
முழம் என்றால் ஜனாஸா.

தீவில் பிறந்தோம். நாற்புறமும் நீர்.
அண்ணன் தம்பிகள் பாறையிலிருந்து குதிக்கையில்
கரையில் நின்று
அவர்கள் சட்டைகளைக் காத்தோம்.

அலையாத்திக் காட்டுக்குப் பின்னால்
அந்தி நேரத்தில் தொடங்கினோம்.
ஆளுக்கு இரண்டு மஞ்சள் எண்ணெய் டப்பா,
அக்குளில் கட்டிக்கொண்டு.
முதல் மாதம் முகத்தை நனைக்கவே போயிற்று.
மிதப்பது என்றால்
எதையும் பிடிக்காமல் இருப்பது.
கைகளுக்கு அது புரியவில்லை.
குடம், குழந்தை, அகப்பை, கதவு,
எதையாவது பிடித்தே பழகிய கைகள்.
ஆறு பெற்ற பிம்குப்வா ஒரு நாள்
சிரித்துச் சிரித்துத் தளர்ந்துபோய்
தன்னையறியாமல் மிதந்தாள்.
டப்பா இரண்டும் தனியே போய்க்கொண்டிருந்தன.

"மீனுக்கு முக்காடா?" என்றான் மகாமே.
அவனை விடு.
வுவாயை எழுது.
நாங்கள் நீரில் இருக்கும் மூன்று மணி நேரம்
பதினொரு பிள்ளைகளைத் தன் வலைக்குள்
உட்கார வைத்துக்கொண்டவன்.
ஊர் சிரித்தது.
ஓட்டை தைத்துக்கொண்டே இருந்தான்.

தராசையும் எழுது.
வியாபாரியின் தராசை விட்டுவிட்டு
சொந்தமாய் ஒன்று வாங்கினோம்.
அன்றைக்கு அதே மூட்டை
நாலு கிலோ கூடக் கனத்தது.

மூன்று பருவத்துக் காசில் ஒரு தோணி.
பதிவு அலுவலகத்தில்
"கணவர் பெயர்?" என்றார் குமாஸ்தா.
எந்தக் கணவர் என்றாள் ஹாதியா,
நாங்கள் ஏழு பேர்.
உரிமையாளர் கட்டத்தில்
ஓர் ஆண் பெயருக்கே இடம் இருந்தது.
அரை மணி யோசித்து, பசை தேடி,
துண்டுக் காகிதம் ஒன்றை ஒட்டினார் மனிதர்.
அந்தப் பக்கம் மட்டும் இன்றைக்கும்
பதிவேட்டுக்கு வெளியே நாக்கு நீட்டுகிறது.

இதையும் எழுது:
எங்களில் முதலில் நீந்தியவள் ஸுவேனா.
அவள் கணவன் மூன்று நாள் பேசவில்லை.
நாலாம் நாள் பேசினான்.
அதன் பிறகு அவள் வரவில்லை.
சட்டம் என்றொரு கட்டம் வைத்திருக்கிறாயே,
அது அவள் வீட்டுப் படலைத் தாண்டவில்லை.
அவள் பங்கை மாதாமாதம்
அவள் பெயரிலேயே போட்டு வைக்கிறோம்.
அவள் அதை எடுப்பதும் இல்லை,
வேண்டாம் என்பதும் இல்லை.
உன் அறிக்கைக்கு இது அழகில்லை, தெரியும்.

எதைக் குறிக்க என்கிறாய்.
எண்ணெய் டப்பாவுக்குக் கட்டம் உண்டா?
வுவாய்க்கு? தராசுக்கு?
பசைக்கு?

கடைசியில் "மற்றவை" என்று
ஒரு கோடு போட்டிருக்கிறீர்கள், பார்த்தேன்.
ஒரு சாண் நீளம்.
பேனாவைக் கொடு இங்கே.
தாளைத் திருப்பு.
சீக்கிரம், தோணியில் கூப்பிடுகிறார்கள்,
எனக்கு முழம் வேண்டும்.