மெருகு விற்பவன்

சாஸ்ஸுவோலோவில் என் வேலை எளிது:
வெள்ளை மெருகுப் பொடியைக் காரில் ஏற்றிக்கொண்டு
ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத முப்பது டைல்ஸ் ஆலைகளுக்குள்
கையெழுத்துப் போட்டு நுழைவது.
உள்ளே பார்த்ததை வெளியே சொல்வதில்லை என்று
முப்பது இடத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச்சில் நீவெஸ் பரால்டியின் சூளையில்
டைல்ஸ் முகமெங்கும் ஊசித்துளை.
பதினோரு நாள் அவள் வீட்டுக்குப் போகவில்லை.
பன்னிரண்டாம் நாள் பிடிபட்டது:
மெருகு உருகி மூடுவதற்குள்
மண் தன் மூச்சை விட்டுத் தீர்க்க வேண்டும்.
உருளைகளின் வேகத்தைக் குறைத்தாள். துளை நின்றது.
"உன்னோடு இருக்கட்டும்" என்றாள்.
தலையாட்டினேன்.

அடுத்த வாரம் லெயார்கோவின் ஆலை.
அதே துளை.
கழிவுக் குவியல் ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது.
"வேறு யாருக்காவது இப்படி வந்ததா?"
"தெரியவில்லை."
கிளம்பும்போது மட்டும்
உருளைகளின் வேகம் காட்டும் கருவிக்கு எதிரே குனிந்து
ஷூ கயிற்றைக் கட்டினேன்.
அவிழாத கயிறு.
நேரம் எடுத்துத்தான் கட்டினேன்.

ஏப்ரல் முடிவதற்குள்
ஆற்றின் இரு கரையிலும் சூளைகள் மெதுவாகிவிட்டன.
யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.
நீவெஸ் ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு
"கயிறில்லாத ஷூவாக வாங்கிக்கொள்ளேன்" என்றாள்.

மே மாதம்.
ரயில் நிலையத்துக்கு எதிரே
எல்லா ஆலைக்காரர்களும் நின்றபடி காப்பி குடிக்கும் பார்.
நான் நுழைந்ததும் பேச்சு அணைந்தது,
கோப்பைக்குள் கரண்டிகள் மட்டும் சுற்றின.
லெயார்கோ மழையைப் பற்றிச் சொன்னான்.
முகம் மட்டுமே பழக்கமான ஒருவர்
என் காப்பிக்குக் காசு கொடுத்தார்,
துக்க வீட்டுக்காரனுக்குக் கொடுப்பதுபோல.

அந்த வாரம் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

நீவெஸிடம் போனேன். என்ன நடக்கிறது என்றேன்.
மேசையில் இரண்டு சில்லுகளை வைத்தாள்.
ஒன்றில் என் வெள்ளை. மற்றதில் யாருடையதோ.
அருகே சூளையின் வெப்பப் பதிவேடு திறந்து கிடந்தது.
பிறகு குனிந்து,
தன் கனத்த காலணியின் கயிற்றை
முதலில் அவிழ்த்து, மறுபடி கட்டத் தொடங்கினாள்.
படித்தேன்:
என் பொடி பதினைந்து டிகிரி முன்னாலேயே உருகுகிறது.
மண் பேசி முடிப்பதற்குள்
வாயைப் பொத்துகிறது.

முப்பது ஆலைகளுக்கும் தெரிந்திருக்கிறது,
எனக்கும் என் கம்பெனிக்கும் தவிர.

அன்று மாலை முதலாளியைக் கூப்பிட்டேன்.
நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"யார் சொன்னது?"
"யாரும் சொல்லவில்லை" என்றேன்.
இத்தனை வருடத்தில் இந்தத் தடவைதான்
அது பொய்யில்லை.