விடுபட்ட இரவுகள்

பிற்பகல் இரண்டு மணிக்கு
இன்றைய உலோகங்களின் பட்டியல் வரும்.
வெள்ளி ஒன்பது, தங்கம் நாலு,
பிளாட்டினம் இரண்டு,
டைட்டேனியம் ஒன்று.
பெயர்களைப் பிறகுதான் பார்ப்போம்.

வெள்ளிக்குப் புன்னகையும் ஒரு போத்தல் தண்ணீரும்.
தங்கத்துக்கு அன்னாசி, பப்பாசி, வெட்ட ஒரு கத்தி.
பிளாட்டினத்துக்குக் கடல் பக்க அறை,
மாலை நாலு மணிவரை வெளியேறத் தேவையில்லை,
பொது முகாமையாளர் கைப்பட எழுதிய
வரவேற்பு மடல்.
அந்தக் கை என்னுடையது.
ஆறு வருடத்தில் அவருடைய கையெழுத்து
அவரைவிட எனக்கு நன்றாக வருகிறது.

கல்கிசையில் கடல் பக்கம் என்றால்
இடையில் தண்டவாளம்.
மடலில் இதை யாரும் எழுதச் சொல்வதில்லை.
விடிய ஐந்து மணிக்கு முதல் ரயில்
பிளாட்டினத்தின் தலையணைக்குக் கீழால் போகும்.
தோட்டத்துப் பக்கம்
எந்த உலோகமும் இல்லாத
குருநாகல் தேனிலவுச் சோடி
ஒன்பது மணிவரை தூங்கும்.

போன மாதம் ஒருவர்
சூட் கிடைக்கவில்லை என்று
அட்டையால் மேசையைத் தட்டினார்.
மரங்கொத்தி மாதிரி, நிறுத்தாமல்.
நான் யாரென்று தெரியுமா?
தெரியும் சேர், திரையில் இருக்கிறது.
இந்த வருடம் நூற்றிரண்டு இரவுகள்.
இறகுத் தலையணை ஒத்துக்கொள்ளாது.
திரையில் இல்லாதது,
அந்த நூற்றிரண்டு இரவும்
உங்கள் வீட்டுக் கதவை யார் பூட்டினார்கள் என்பது.
(இதைச் சொல்லவில்லை.
பப்பாசி இரண்டு அனுப்பினேன்.)

இன்றைய டைட்டேனியம் ஏழரைக்கு வந்தது.
திரு. குகதாசன், மார்க்கம், ஒன்டாரியோ.
ஒரு சக்கரம் உடைந்த பெட்டி.
ஆங்கிலத்தில் மனப்பாடத்தை ஒப்பித்தேன்:
உங்கள் விசுவாசத்துக்கு எங்கள் நன்றி.
அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று,
என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தார்.
"சஷி எண்டா?"
"சசிரேகா."
விருந்தினரின் நாக்கு நோகாமல்
முகாமையாளர் சுருக்கியது.
"எந்த இடம்?"
"நோர்வூட்."
அதற்குப் பிறகு தமிழில் பேசினார்,
குரலைத் தாழ்த்தி,
லொபியில் வேறு எவரும் இல்லாதபோதும்.

கடவுச்சீட்டைப் பிரதி எடுக்க வாங்கினேன்.
"இப்பவும் பொலிசுக்கு லிஸ்ட் போகுதோ?"
"இல்லை சேர். கொம்பியூட்டருக்கு மட்டும்."
தலையாட்டினார். நம்பினாரோ தெரியாது.
அது திரும்பக் கைக்கு வரும்வரை
கண் அதிலேயே நின்றது.

பிறகு சிரித்தார்.
"கொட்டாஞ்சேனையில ஒரு லொட்ஜ்.
விசா வருமட்டும் முந்நூற்றுப் பதினாலு நாள்.
ஆறு பேருக்கு ஒரு ஃபேன்.
சப்பாத்தோடதான் படுக்கிறது,
கதவு தட்டினா உடன எழும்ப வேணுமெல்லே.
அந்த இரவுகளையும் இதில சேர்க்க ஏலுமே, பிள்ளை?"

பகிடிதான்.
ஆனால் அப்படி ஒரு படிவம் உண்டு:
விடுபட்ட இரவுகளுக்கான கோரிக்கை.
ஏனோ திறந்தேன்.
ஹோட்டலின் பெயர் கேட்டது.
மாலைதீவில் தண்ணீருக்கு மேல்
கால் ஊன்றி நிற்பதெல்லாம் அதில் இருக்கிறது.
கொட்டாஞ்சேனையின் முதல் நாலு எழுத்துக்கு
கோத்தா கினபாலு வந்தது.
அடுத்த பெட்டி: பற்றுச்சீட்டை இணைக்கவும்.

"துண்டு ஏதும் இருக்கா சேர்?"
"எங்களுக்கு ஒண்டும் தரேல்லை.
எங்கட பேரைத்தான் எழுதி எடுத்தவங்கள்."

பின்னால் ஒரு தங்கம் இருமியது.
படிவத்தை மூடினேன்.
எட்டாம் மாடி, மூலை சூட், கடல் பக்கம்.
சாவி அட்டையை நீட்டும்போது
மடலில் எழுதாததைச் சொன்னேன்:
"விடிய அஞ்சு மணிக்குக் கதவு அதிரும் சேர்.
எழும்ப வேணாம்.
அது ட்ரெயின்."