ஒரே தொட்டி

படகு என்று பெயர் வைத்த ஊர் இது, வூட்ச்.
படகு விட ஆறு கிடையாது.
இருந்த ஓடைகளையும் குழாயில் இறக்கி
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
அதற்கு முன் அவை திங்களன்று நீலமாய்,
செவ்வாயன்று சிவப்பாய் ஓடினவாம்.
எந்த ஆலையில் என்ன சாயம் என்று
வாத்துகளைப் பார்த்தால் தெரியுமாம்.

என் வேலையும் சாயம்தான்.
மருத்துவமனையின் கீழ்த்தளம்.
ஜன்னலில் டிராம் சக்கரங்கள் மட்டும் தெரியும்.
மெழுகுக் கட்டிக்குள் இன்னொரு கட்டி.
மூன்று மைக்ரான் கனத்தில் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துவேன்.
மூச்சு பட்டால் சுருண்டுகொள்ளும்.

ஜனவரி. எண் 0417.
லெயோகாடியா மிர்கோவ்ஸ்கா, எழுபத்தாறு.
சிறுநீர்ப்பை. தசைக்குள் இறங்கிவிட்டது.
தாளின் ஓரத்தில்: சாயப்பட்டறை, இருபத்தொன்பது ஆண்டு.
பதினோரு மாதம் நீர்க்கடுப்பு என்று
மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.
பெண்ணுக்கு ரத்தம் போனால்
முதலில் வேறு எதையாவதுதான் நினைக்கிறார்கள்.

நதிமூலம் ரிஷிமூலம் கேட்கக் கூடாது என்பார்கள்.
புற்றிடம் கேட்காமல் முடியாது.
பையின் உள்வெளியைப் பார்த்து நின்ற செல்லின் வழியா நீ,
அடித்தளத்தில் ஒட்டிக் கிடந்ததன் வழியா?
லூமினலா, பேசலா?
பதிலைப் பொறுத்து
முதலில் மருந்தா, முதலில் கத்தியா.
அந்தப் ‘பொறுத்து’க்குள்
எத்தனை சண்டை ஆய்வாளர்களுக்குள்.

முதல் கட்டியில் கெரட்டின் ஐந்து
கருப்பட்டி நிறத்தில் பிடித்தது.
பேசல் என்று எழுதப் போன டாக்டர் ஹால்ஷ்கா
இரண்டாவதைப் பார்த்துப் பேனாவை மூடினார்.
மூலையில் கேட்டா மூன்று.
ஒரே உடம்பு, ஒரே பை,
விரல்நகம் அளவு தூரம்.

மரபணுக் கணக்குக்கு அனுப்பினோம்.
பேசல், நூற்றுக்கு அறுபத்திரண்டு என்று வந்தது.
அறுபத்திரண்டை வைத்துக்கொண்டு
ஒருவரிடம் என்ன சொல்வது?

அவரே இறங்கி வந்தார்.
இங்கே யாரும் வருவதில்லை.
கையில் தடி. நகக்கண்ணில் ஒரு நிறமும் இல்லை.
நுண்நோக்கியில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.
“என்ன சாயம்?”
சொன்னேன்.
“எவ்வளவு நேரம் ஊறியது?”
சொன்னேன்.
“தொட்டியில் குறையில்லை.
கம்பளியும் பருத்தியும் கலந்த துணி இப்படித்தான்.
ஒன்று குடிக்கும், ஒன்று துப்பும்.
நாங்கள் இரண்டு முறை முக்குவோம்.”
தடியை எடுத்துக்கொண்டு
லிஃப்ட் எங்கே என்று கேட்டார்.

மருந்துதான் முதலில். நான்கு சுற்று.
மே மாதம் பை முழுதும் என் மேசைக்கு வந்தது,
வேறு எண்ணோடு.
ஐம்பத்து மூன்று துண்டு போட்டேன்.
வடு. வடு. கொழுப்பு. வடு.
கெரட்டின் ஐந்துக்கு எங்கும் ஒன்றும் பிடிக்கவில்லை.
முப்பத்தெட்டாவதில்
மூன்று மில்லிமீட்டர்,
கேட்டா மூன்று, ஒன்றுமே நடக்காதது போல.

அறுபத்திரண்டு பொய் சொல்லவில்லை.
மீதி முப்பத்தெட்டும் சொல்லவில்லை.
(துண்டின் எண்ணும் அதுவே என்பதை
வீட்டுக்குப் போகும்போதுதான் கவனித்தேன்.
அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை.)

டாக்டர் அறிக்கை தட்டுகிறார்.
மிச்சத்தை நான் மெழுகில் மூடுகிறேன்.
அதன் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தால்,
திரும்பி வந்தால்,
அதற்கென்று வேறொரு மாத்திரை உண்டு.
இரண்டாம் முறை முக்க இது வேண்டியிருக்கும்.

வெளியே மழை.
தெருவின் இரும்பு மூடிக்குக் கீழே
தண்ணீர் போகும் சத்தம்.
என்ன நிறமோ.