அடுத்த கம்பி

நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
நாற்காலி முந்நூறுதான் போட்டிருந்தார்கள்.
மிச்சப் பேர் படிக்கட்டில்
கோப்பைத் தலைக்குமேல் பிடித்து உட்கார்ந்திருந்தோம்.
காரைக்குடி வெயில் மதிப்பெண் பார்ப்பதில்லை.

புதுவயலில் ஆறு மணி பஸ்.
அரிசி மில் உமித் தூசி காலரில் ஏறாமலிருக்க
ஜன்னலை விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்து வந்தேன்.
ஷூ உமையாளுடைய பழசு. ஒரு விரற்கடை பெரிசு.
முனையில் பழைய வினாத்தாளைக் கசக்கித் திணித்திருந்தேன்:
மூன்றாம் செமஸ்டர், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ்.
நடக்கும்போதெல்லாம் பெருவிரல்
ஏதோ ஒரு பதினாறு மார்க் கேள்வியை மிதித்தது.

முதல் சுற்றில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்தன.
ஓர் அப்பாவுக்கு மகனைவிட மும்மடங்கு வயது.
இரண்டு குழாய் தொட்டியை நிரப்ப, மூன்றாவது ஒழுகியது.
எங்கள் தெருக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று
கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

அடுத்தது குழு விவாதம்.
'செயற்கை நுண்ணறிவு வேலையைப் பறிக்குமா?'
இன்னும் வேலையே கிடைக்காத பத்துப் பேர்
வட்டமாய் உட்கார்ந்து
பறிபோகுமே என்று பதறினோம்.
இருதயராஜ் மேசையைத் தட்டினான்.
ஹபீப் நாலு பேரிடம் நாலு தடவை
"ஐ அக்ரி" என்றான்.
எப்படியோ என் பெயரையும் வாசித்தார்கள்.
சொர்ணவள்ளியைச் சொர்ணவேல் என்று.
எழுந்து போனேன்.

உள்ளே இருந்தவருக்கு என்னைவிட
நாலு வயசு கூட இருக்கலாம்.
ராத்திரி ரயிலில் தூங்காமல் வந்த கண்.
கல்லூரி உபசாரத்தில் வந்த கந்தரப்பம்
ஒரு கடியோடு தட்டில் கிடந்தது.
"உங்களைப் பத்திச் சொல்லுங்க."
கண்ணாடி முன் நாற்பது தடவை சொன்னதில்
முதல் வாக்கியம் மட்டும் வந்தது.

"சரி. ஒரு லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடுங்க."
கட்டம், அம்பு, கட்டம், அம்பு.
நாலு கட்டம் வரைந்தேன்.
முதல் அம்பைப் பின்னால் திருப்பினேன்.
அவ்வளவுதான்,
மிச்ச மூன்றும் போன இடம் தெரியவில்லை.
எங்கேயும் போகவில்லை, அங்கேயேதான் இருந்தன;
முகவரிதான் என்னிடம் இல்லை.

"எதையோ விட்டுட்டீங்க" என்றார்.
திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
விசிறி மூன்று சுற்று சும்மா சுற்றி நின்றது.
"வெளியூர் போகச் சம்மதமா? நொய்டா, பூனே?"
"சம்மதம் சார்" என்றேன்,
கேள்வி முடியும் முன்பே.
"அஞ்சு வருஷத்துல எங்க இருப்பீங்க?"
அஞ்சு நிமிஷத்தில் வாசலில் இருப்பேன்.
வாய் வேறு என்னவோ சொன்னது.

திரும்பும் பஸ்ஸில் காற்றுக்குக்கூட இடமில்லை.
கோட்டையூர் தாண்டி ஒரு குலுக்கல்.
கண்டக்டர் பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தார்,
ஒரு கையில் நோட்டுக் கற்றை, வாயில் விசில்.
அடுத்த கம்பியைப் பிடித்த பிறகே
முந்தின கம்பியை விட்டார்.
பிடித்தார். விட்டார். நகர்ந்தார்.
பிடித்தார்.
"யாருக்கம்மா புதுவயல்?"
நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிக்கெட்டின் பின்னால் எழுதினேன்:
அடுத்ததைப் பத்திரப்படுத்து.
அம்பைத் திருப்பு.
நகர்.
மூன்றே வரி. மூன்றரை மணி நேரம் தாமதம்.

இறங்கும்போது போன் அதிர்ந்தது.
பதினோரு பேர். உமையாள் இருக்கிறாள்.
இருதயராஜ் இல்லை. ஹபீப் இருக்கிறான்.
'நாளைக்கு ஷூவைத் தர்றேன்' என்று அனுப்பினேன்.
'வச்சுக்கடி, வியாழக்கிழமை இன்னொரு கம்பெனி
வர்றாகளாம்.'

வீட்டில் ஷூவுக்குள்ளிருந்து தாளை எடுத்து
முழங்காலில் வைத்து நீவினேன்.
அந்தக் கேள்விதான் அதில் இருந்திருக்கும் என்று
ஒரு நப்பாசை.
இல்லை. அது மரங்களைப் பற்றி ஏதோ கேட்டிருந்தது.
அதையும் படித்தேன்.
பிறகு பழைய மடிப்பிலேயே மடித்து
ஷூ முனையில் திணித்து வைத்தேன்.