இப்பவோ, முந்தியோ

பன்னிரண்டாம் பிரெற்றுக்கு மேலே
ஆறாம் தந்தி
மூன்று புள்ளி நான்கு மில்லிமீற்றரில் நின்றது.
வில்லையின் தடிப்புப் பார்க்கும் கருவியைக்
கடையிலிருந்து கைப்பைக்குள் கொண்டுவந்திருந்தேன்.
திங்கள் காலை, முதலாளி கதவு திறக்குமுன்
அது தன் பெட்டிக்குள் கிடக்கவேண்டும்.

குருநகரில் இந்தக் கிற்றாரை எனக்கு விற்ற அமலதாஸ்
பெருநாள் மேடைகளில் மைக் இல்லாமல் அடித்தவர்.
"இறக்காதேங்கோ, சத்தம் செத்துப்போம்" என்றார்
காசை எண்ணியபடி.
அவருக்குக் கடைசி வாங்குவரை கேட்கவேண்டியிருந்தது.
எனக்குக் கொக்குவிலில் ஒரு அறை,
ஒற்றைக்கல் சுவர்,
சுவருக்கு அந்தப் பக்கம்
முப்பத்தொன்று கழித்த குழந்தை.
சுவர்வரை போனால் போதும்.
அடிக்க அல்ல எனக்கு,
விரலால் ஒவ்வொன்றாய் எடுக்க.
இதற்காக வலக்கையில் மூன்று நகம் வளர்த்து
வில்லையைக் கீறப்போகிறாய் என்று
இருமுறை ஏச்சும் வாங்கியாயிற்று.

தந்திகளைத் தளர்த்தி
குறட்டின் வாயில் கண்ணாடித் துணியைச் சுற்றி
பாலத்தின் எலும்பை இழுத்தேன்.
வந்தது.
அதன் காலடியில் இன்னொன்றும் வந்தது:
எட்டாய் மடித்த லொத்தர் சீட்டு.
ஒரு மீன ராசி, நான்கு இலக்கம்.
விழாத சீட்டு.
விழுந்திருந்தால்
இதற்குள் ஏன் கிடக்கிறது?

மடித்தபடியே அளந்தேன், புள்ளி எட்டு.
ஆனால் இங்கே எடுப்பதில் பாதிதான்
பன்னிரண்டில் இறங்கும்.
இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது,
மாதச் சம்பளத்தில் இதைத்தான் பார்க்கிறேன் என்றாலும்.
மிச்சத்தை எலும்பில்தான் எடுக்கவேண்டும்.

உடைந்த நிலைக்கண்ணாடித் துண்டில் அரத்தாளை ஒட்டி
ஐந்து இழுப்பு, திருப்பி ஐந்து இழுப்பு.
பல்லுக் கடையும் மணம்.
வெள்ளைத் தூள் மடியில்.
விளிம்பு தேய்க்கும்போது
ஒரு கணம் யாரையாவது நினைத்தால்
வில்லை சட்டத்துக்குள் ஆடும்,
பன்னிரண்டு வருடமாய்த் தெரிந்த விசயம்.
நினைத்தேன்.
யாரை என்பது கிற்றாருக்குத் தேவையில்லை.

தந்தி பூட்டி, சுருதி ஏற்றி
கட்டைவிரலால் ஆறாவதைத் தொட்டால்
போத்தலுக்குள் அகப்பட்ட இலையான்.
இரண்டு புள்ளி இரண்டு.
தேய்ந்த எலும்பு வளராது.

ஒரு நாளில் நாற்பது தடவை கேட்கிறேன்,
இருட்டறையில், வில்லையை மாற்றி மாற்றி:
இப்பவோ, முந்தியோ?
கால் புள்ளி வித்தியாசத்தில்
பாதிப் பேர் பொய் சொல்வார்கள்.
போன கிழமை சுன்னாகத்து வெங்காய வியாபாரி
"ரெண்டும் ஒண்டுதான் பிள்ளை,
நீ சொல்லுறதைப் போடு" என்றார்.
இப்போது நான் கதிரையின் இந்தப் பக்கம்.

சீட்டை நாலாய் மடித்தேன்,
எட்டாய் அல்ல.
ராசி உள்ளே, இலக்கம் வெளியே.
பள்ளத்தில் இட்டு எலும்பை அதன்மேல் இருத்தினேன்.
இரண்டு புள்ளி நான்கு,
அதற்கு ஒரு மயிரிழை மேலே.
இலையான் போய்விட்டது.
கட்டைவிரல் அடியில் நடக்க
மற்ற மூன்றும் மேலே தங்கள்பாட்டில் கதைத்தன.

சோளகத்தில் காய்ந்து
மரம் இப்போது ஒடுங்கிக் கிடக்கிறது.
கார்த்திகை மழைக்கு அதன் வயிறு ஊதும்,
தந்தி தானாய் எழும்பும்.
அப்போது சீட்டை உருவவேண்டும்,
பங்குனிக்குத் திரும்ப வைக்கவேண்டும்.
ஒரு மனிசனின் விழாத அதிர்ஷ்டத்துக்கு
வருடத்தில் எட்டு மாத வேலை.

அமலதாஸ் சொன்னதும் சரிதான்.
சத்தம் கொஞ்சம் செத்துத்தான் போயிற்று.
செத்த இடத்தில்
விரல் தந்தியை விட்டு எழும் ஒலி கேட்கிறது,
முந்தி இது கேட்டதில்லை.

பத்தரைக்குச் சுவருக்கு அப்பால் ஒரு சிணுங்கல்.
உள்ளங்கையால் தந்திகளை அமர்த்தினேன்.
சிணுங்கல் பெரிதாயிற்று.
திரும்ப எடுத்தேன், மெல்ல.
நின்றது.
கையை எடுத்தேன்.

இப்பவோ, பிள்ளை?
முந்தியோ?